வெள்ளை பெயின்டில் மஞ்சள் கறை: வேங்கை அலமாரிக்கு என்ன பிரைமர்?

காரைக்குடி பழைய சாமான் கடையில் எடுத்த சின்ன அலமாரி, மரம் வேங்கை. பழைய பூச்சு அரக்கு பாலிஷ்தான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்ததும் பிசுபிசுவென்று இளகிவிட்டது.

120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, தண்ணீர் கலக்கும் பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் வெள்ளை இரண்டு கை அடித்தாயிற்று. மூன்றாம் நாளே கதவுச் சட்டத்திலும் கணுக்களைச் சுற்றியும் மஞ்சள் திட்டு. இன்னொரு கை அடித்தும் பயனில்லை. வேங்கை மரத்திலேயே இருக்கும் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. ஈரப் பெயின்ட் ஒவ்வொரு முறையும் அதை மேலே இழுத்துவிடுகிறது.

கறையைத் தேய்த்துவிட்டு, சாயம் மேலே வராமல் அடைக்க, மெழுகு நீக்கிய அரக்கு 100 கிராமை 500 மில்லி ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, மெல்லிசாக இரண்டு கை அடிக்க எண்ணம். மெழுகு உள்ள அரக்கு என்றால் மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, உரியும்.

என் குழப்பம் இதுதான்: வேங்கைச் சாயம் ஸ்பிரிட்டிலும் கரையுமே, முதல் கை அரக்கிலேயே நிறம் ஏறினால் இரண்டாவது கை அதை அடைக்குமா? அல்லது ஆயில் பிரைமரே நல்லதா? மழை ஈரத்தில் அரக்கு வெள்ளையாகப் பூக்கும் என்பதால் வெயில் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

உள்தட்டில் பழைய பச்சை எனாமல் இருக்கிறது. ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவே மாட்டேன். ஈரத் தேய்ப்பு போதுமா, பெயின்ட் ரிமூவர் வேண்டுமா? வேங்கையில் வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.