ஃபுல்லர்ஸ் ஈஎஸ்பி: சில்லென்று குடித்தால் பாதி சுவை போச்சு

பிரிட்டிஷ் ஏல் (ஒரு வகை பீர்) சப்பென்று வெதுவெதுப்பாக இருந்தது என்று இந்தத் திரியில் மேலே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த வெதுவெதுப்பை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒழுங்காக நடத்துகிற பப்பில் கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே முதிர்ந்து அதிலிருந்தே ஊற்றுகிற ஏல், நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் இருக்கும். அதுவும் குளிர்ச்சிதான், நாக்கு மரத்துப்போகிற குளிர்ச்சி இல்லை, அவ்வளவுதான். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தூக்கலாக இருக்கிற ஏலுக்கு அதுதான் சரியான பதம்.

நான் ஃபுல்லர்ஸ் ஈஎஸ்பி குடித்தது லண்டனில், சிசிக் பக்கம், இந்த ஏலைக் காய்ச்சுகிற கிரிஃபின் ப்ரூவரிக்குக் கிட்டேயே. 1971-இல் வந்த ஏல் இது. 1978, 1981, 1985 என்று மூன்று தடவை பாரம்பரிய ஏலுக்காகப் பாடுபடும் நுகர்வோர் அமைப்பான காம்ராவின் 'பிரிட்டனின் சாம்பியன் பீர்' பட்டம் வாங்கியிருக்கிறது. கேஸ்கில் ஆல்கஹால் 5.5 சதவீதம். ஹேண்ட்பம்பை நிதானமாக இழுத்து ஊற்றினார்கள், நல்ல செம்பு நிறம், மேலே மெல்லிசாக நுரை. முதல் வாயில் ரொட்டியின் முறுகின மேல்தோல் வாசனைதான் தெரிந்தது. கிளாஸைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்ததில் ஏல் கொஞ்சம் சூடேறியது, அப்புறம்தான் பாகு முறுகும் வாசனை, உலர்திராட்சை, அதற்குப் பின்னாலேயே ஆரஞ்சுத் தோல் போட்ட மர்மலேட் ருசி என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது. தித்திப்பு திகட்டப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் ஹாப்ஸின் (பீரில் சேர்க்கிற கசப்பான பூ) கசப்பு வந்து வாயைச் சுத்தம் செய்துவிடுகிறது, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகிறது. என்னைப் பொறுத்தவரை அந்த முடிவுதான் இந்த ஏலின் உயிர்.

கேஸ்க் ஏலில் ஒரு சிக்கல் உண்டு. திறந்தால் காற்று புகும், மூன்று நாளில் தீர்த்தாக வேண்டும். வேறொரு பப்பில் எனக்கு வந்த பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) வினிகர் வாடை அடித்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். தயங்காமல் கேளுங்கள். சைவம் பார்க்கிறவர்களும் விசாரித்துவிடுங்கள், பல கேஸ்க் ஏல்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்ப்பார்கள்.

பாட்டில் 5.9 சதவீதம், வாயுவும் கூடுதல், அதனால் அந்த வழவழப்பு கொஞ்சம் குறைவு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினால் மர்மலேட் ருசி ஓரளவு கிடைக்கும்.

சிசிக் பக்கம் போகிறவர்கள் முதலில் ஃபுல்லர்ஸின் இன்னொரு ஏலான லண்டன் ப்ரைட் அரை பைண்ட், அதன்பிறகு அரை பைண்ட் ஈஎஸ்பி என்று வாங்கிப் பாருங்கள். ஒரே மால்ட் ஊறலில் முதலில் வடிகிற கெட்டிச் சாற்றையும் அடுத்து வடிகிற நீர்த்த சாற்றையும் தனித்தனியே காய்ச்சி, வெவ்வேறு அளவில் கலந்துதான் இரண்டையும் எடுக்கிறார்கள். ப்ரைடில் லேசாகத் தெரிகிற அதே மால்ட் ஈஎஸ்பியில் எவ்வளவு கனத்து வருகிறது என்று அடுத்தடுத்துக் குடிக்கும்போது நன்றாகவே தெரியும்.