ஃப்ரீபிஎஸ்டியில் ஜாவா ஸ்விங்: விண்டோ வெறும் சாம்பல் நிறம், எழுத்தும் சிதறுகிறது – உதவி தேவை

பனங்கிழங்கு:
வணக்கம். ஃப்ரீபிஎஸ்டி 14, பேக்கேஜாக நிறுவிய ஓபன்ஜேடிகே 17, விண்டோ மேனேஜர் டிடபிள்யூஎம், இன்டெல் கிராஃபிக்ஸ். ஸ்விங்கில் (ஜாவாவில் விண்டோ, பட்டன் வரையும் லைப்ரரி) எழுதிய ஒரு பில்லிங் புரோகிராம். இதே ஜார் ஃபைல் உபுண்டுவில் க்னோமின் கீழ் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இங்கே ஸ்பிளாஷ் படம் (ஜேவிண்டோ) சரியாக வருகிறது. அடுத்துத் திறக்கும் ஜேஃப்ரேம் முழுக்கச் சாம்பல் நிறம். பட்டன், டேபிள் எதுவும் இல்லை. சில சமயம் இடது மேல் மூலையில் ஒரு துண்டு மட்டும் தெரியும். அதில் மெனுவை அழுத்தினால் பட்டியல் வேறு எங்கோ திறக்கிறது.

தேடிக் கிடைத்த சுவிட்சுகளை எல்லாம் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் போட்டிருக்கிறேன்: சன்.ஜாவா2டி.ஓபன்ஜிஎல்=ட்ரூ, சன்.ஜாவா2டி.நோடிடிரா=ட்ரூ, சன்.ஜாவா2டி.டி3டி=ஃபால்ஸ். சாம்பல் நிறம் போகவில்லை. அதோடு எழுத்துகள் சிதறுகின்றன, அவ்வப்போது ஜேவிஎம்மே (ஜாவாவை ஓட்டும் என்ஜின்) கிராஷ் ஆகிறது. போர்ட் செய்த ஜாவா என்பதால் இப்படியா, இல்லை டிரைவர் கோளாறா?

சுழல்விசிறி:
முதல்ல அந்த மூணு சுவிட்சையும் எடுத்துடுங்க. நோடிடிரா, டி3டி ரெண்டும் விண்டோஸுக்கு மட்டும். இங்க எந்த வேலையும் செய்யாது. ஓபன்ஜிஎல்தான் புதுசா கிராஷைக் கொண்டு வந்திருக்கும். புரோகிராம் ஆரம்பிக்கும்போது டெர்மினல்ல "பிக்டு அப்" னு ஒரு வரி வந்தா, பழைய சுவிட்ச் இன்னும் எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்குனு அர்த்தம். அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற _ஜாவா_ஆப்ஷன்ஸையும் பாருங்க. அது கமாண்ட் லைன்ல நீங்க கொடுக்கிறதையே மீறிடும்.

போர்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். பிஎஸ்டிக்கான மாற்றங்கள் தனி பேட்சா பராமரிக்கப்படுறது உண்மைதான். ஆனா எக்ஸ்11 (திரையில விண்டோ காட்டுற அமைப்பு, சுருக்கமா எக்ஸ்) பக்கம் ஏடபிள்யூடி (ஸ்விங்குக்கு அடியில இருக்கிற ஜாவா அடுக்கு) பயன்படுத்துறது லினக்ஸ்ல இருக்கிற அதே கோட். லினக்ஸ்ல டிடபிள்யூஎம் போட்டாலும் இதே சாம்பல்தான் வரும்.

உங்க கேள்வியிலேயே துப்பு இருக்கு: ஜேவிண்டோ வருது, ஜேஃப்ரேம் வரலை. ஜேவிண்டோவுக்குத் தலைப்புப் பட்டை கிடையாது. ஜேஃப்ரேமுக்கு உண்டு. பட்டை உள்ள விண்டோவை விண்டோ மேனேஜர் தன் சட்டத்துக்குள்ள எடுத்து வைக்கும், அதாவது ரீபேரண்ட் பண்ணும்னு ஏடபிள்யூடி எதிர்பார்க்குது. டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட், பிஎஸ்பிடபிள்யூஎம் மாதிரி மேனேஜர்கள் அதைச் செய்யறதில்லை. அது நடக்காத வரைக்கும், விண்டோவோட அளவு மாறினதைச் சொல்ற கான்ஃபிகர்நோட்டிஃபை செய்தியை ஏடபிள்யூடி கண்டுக்காம விட்டுடும். உள்ளே இருக்கிற பேனலுக்குச் சரியான அளவு போய்ச் சேராது. அளவில்லாத பேனல்ல என்னத்தை வரையறது? மிச்சம் பின்னணி நிறம்தான்.

மருந்து ஒரு என்விரான்மென்ட் வேரியபிள்:

_ஜாவா_ஏடபிள்யூடி_டபிள்யூஎம்_நான்ரீபேரண்டிங்=1

டெர்மினல்ல ஆங்கில எழுத்துல, எல்லாமே பெரிய எழுத்தா அடிக்கணும். முன்னாடி வர்ற அண்டர்ஸ்கோரை விட்டுடாதீங்க. ஜேவிஎம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செட் ஆகியிருக்கணும். மைனஸ் டி சுவிட்சா கொடுத்தா பலிக்காது.

அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷச் சோதனை. சாம்பல் நிறத்துல நிக்கும்போது இன்னொரு டெர்மினல்ல ஜேஸ்டேக் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்க நிக்குதுனு காட்டுற கருவி) கொடுத்து, பின்னாடி பிராசஸ் எண்ணைப் போடுங்க. ஏடபிள்யூடி-ஈவென்ட்க்யூ-0 ங்கிற த்ரெட் கெட்நெக்ஸ்ட்ஈவென்ட்ல சும்மா காத்துக்கிட்டிருந்தா நான் சொன்ன கதைதான். அதே த்ரெட் டேட்டாபேஸ் அழைப்பிலோ ஸ்லீப்பிலோ மாட்டியிருந்தா கோளாறு உங்க கோட்ல. அந்த வேலையைப் பின்னணி த்ரெட்ல ஓட்டுற ஸ்விங்வொர்க்கருக்கு மாத்தணும்.

பனங்கிழங்கு:
நன்றி. ஜேஸ்டேக்கில் கெட்நெக்ஸ்ட்ஈவென்ட் என்றுதான் இருக்கிறது. வேரியபிளை ஷெல்லின் தொடக்க ஃபைலில் போட்டதும், டெர்மினலில் இருந்து திறந்தால் முழு விண்டோவும் வருகிறது. டிமெனு (டிடபிள்யூஎம்மில் புரோகிராம் திறக்கும் மெனு) வழியாகத் திறந்தால் மட்டும் பழையபடி சாம்பல்.

கிராஷ் நின்றுவிட்டது. ஆனால் டேபிளை வேகமாக ஸ்க்ரோல் செய்தால் சில எழுத்துகள் இன்னும் விடுபடுகின்றன. அந்த இடத்தில் கருப்புக் கட்டம் தெரிகிறது.

சுழல்விசிறி:
டிமெனு, டிடபிள்யூஎம்முக்குப் பிள்ளை. டெர்மினல்ல ஓடுற ஷெல்லுக்கு இல்லை. வேரியபிளை ஹோம் டைரக்டரியில இருக்கிற .எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைல்ல, எக்ஸெக் டிடபிள்யூஎம் வரிக்கு மேல, எக்ஸ்போர்ட்டோட எழுதுங்க. கீழ எழுதினா அந்த வரியே ஓடாது. அப்புறம் எக்ஸ்ல இருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போங்க.

டபிள்யூஎம்நேம் கருவியால மேனேஜர் பேரை எல்ஜி3டி னு மாத்துறது இன்னொரு வழி. சன் நிறுவனத்தோட பழைய லுக்கிங் கிளாஸ் டெஸ்க்டாப்போட பேர் அது. ஏடபிள்யூடி வச்சிருக்கிற ரீபேரண்ட் பண்ணாத மேனேஜர் பட்டியல்ல அது இன்னும் இருக்கு. வேலை செய்யும், ஆனா மத்த புரோகிராம்களுக்கும் அதே பொய்ப் பேர்தான் போகும். வேரியபிள்தான் சுத்தம்.

ஈயம்பூசி:
எழுத்து விடுபடுவது வேறு அடுக்கு. ஓபன்ஜிஎல் சுவிட்ச் இல்லாதபோது ஜாவா2டி (ஜாவாவின் வரையும் பகுதி) இங்கே எக்ஸ்ரெண்டர் என்ற எக்ஸ் நீட்டிப்பு வழியாக வரைகிறது. அதாவது வரையும் வேலை எக்ஸ் சர்வரிடம் போகிறது, அங்கிருந்து எக்ஸ் டிரைவரிடம். எனவே இந்த வரிசையில் பாருங்கள்.

சன்.ஜாவா2டி.எக்ஸ்ரெண்டர்=ஃபால்ஸ் என்று ஒரே ஒரு சுவிட்சோடு ஓட்டுங்கள். கட்டங்கள் மறைந்தால் பழி எக்ஸ் டிரைவர் பக்கம். மறையாவிட்டால் உங்கள் பெயின்ட்காம்பொனென்ட்டில் சூப்பர் அழைப்பு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். செல் ரெண்டரரில் செட்ஒபேக்கையும் பாருங்கள். ஒபேக் என்று சொல்லிவிட்டுப் பின்னணியை நிரப்பாத ரெண்டரர் இதே மாதிரி குப்பையைத்தான் விட்டுவைக்கும்.

எந்த வழியில் வரைகிறது என்று சந்தேகம் இருந்தால் சன்.ஜாவா2டி.ட்ரேஸ்=கவுண்ட் போடுங்கள். புரோகிராமை மூடும்போது எந்த வரைதல் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று பட்டியல் வரும். எக்ஸ்ஆர் என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால் எக்ஸ்ரெண்டர்.

அடுத்து வார்/லாக் டைரக்டரியில் உள்ள எக்ஸார்க் லாக். அதில் இன்டெல்(0) என்று வருகிறதா, மோட்செட்(0) என்று வருகிறதா?

பனங்கிழங்கு:
எக்ஸ்ரெண்டரை நிறுத்தினால் கட்டங்கள் இல்லை. லாகில் இன்டெல்(0).

ஈயம்பூசி:
அப்படியானால் எக்ஸ் பக்கம் பழைய இன்டெல் டிரைவர் ஓடுகிறது. யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/எக்ஸ்11 கீழே எக்ஸார்க்.கான்ஃப்.டி டைரக்டரியில் டிரைவர் "இன்டெல்" என்று எழுதிய ஃபைல் இருக்கும். அதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு எக்ஸைத் திரும்பத் தொடங்குங்கள். மோட்செட்டிங் டிரைவர் தானாக வரும். அது சரியாக ஓட டிஆர்எம்-கேமோட் (கர்னலுக்கான கிராஃபிக்ஸ் டிரைவர்) பேக்கேஜ் வேண்டும், ஆர்சி.கான்ஃபில் கேஎல்டி_லிஸ்ட்டில் ஐ915கேஎம்எஸ் இருக்க வேண்டும், உங்கள் பயனர் வீடியோ குழுவில் இருக்க வேண்டும். பிறகு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஓட்டி ரெண்டரர் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் ஜிபியூ சேரவில்லை, எல்லாம் சிபியூவில் ஓடுகிறது.

இது முடிந்ததும் எக்ஸ்ரெண்டர் சுவிட்சை எடுத்துவிடுங்கள். அதை அப்படியே வைத்திருந்தால் பாதி தெரிகிற நிறமும் ஆன்டி-ஏலியாஸ் கோடுகளும் மெதுவாகும்.

பனங்கிழங்கு:
மோட்செட்(0) ஆகிவிட்டது. சுவிட்ச் எதுவும் இல்லாமலே ஸ்க்ரோல் சுத்தமாக இருக்கிறது. டிமெனுவில் இருந்தும் திறக்கிறது. இனி எப்போதாவது ஓபன்ஜிஎல் வேண்டுமென்றால் எப்படிச் சோதிப்பது?

ஈயம்பூசி:
ட்ரூ என்பதில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுங்கள். அப்போதுதான் இயங்கியதா இல்லையா என்று டெர்மினலில் சொல்லும். இயங்கவில்லை என்றால் ஜே2டி_ட்ரேஸ்_லெவல்=4 வேரியபிளோடு ஓட்டினால் காரணம் வரும். கிராஷ் ஆனால் ஹெச்எஸ்_எர்_பிட் என்று தொடங்கும் ஃபைலைத் திறந்து "பிராப்ளமேட்டிக் ஃப்ரேம்" வரியைப் பாருங்கள். அங்கே மெசாவின் (ஓபன்ஜிஎல்லைத் தரும் டிரைவர் தொகுப்பு) லைப்ரரி பெயர் இருந்தால் ஜாவா பக்கம் தேடுவது வீண். பில்லிங் புரோகிராமுக்கு ஓபன்ஜிஎல் தேவையே இல்லை என்பது என் கருத்து.

தாழ்ப்பாள்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டெபியனில் ஓபன்ஜேடிகே 17. எனக்குச் சாம்பல் விண்டோகூட வரவில்லை. லிப்ஏடபிள்யூடி_எக்ஸ்ஏடபிள்யூடி லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர்.

சுழல்விசிறி:
ஹெட்லெஸ் பேக்கேஜ் மட்டும் போட்டிருப்பீங்க. அதுல அந்த லைப்ரரி கிடையாது. பேர்ல ஹெட்லெஸ் இல்லாத ஓபன்ஜேடிகே-17-ஜேஆர்இ போடுங்க. ஃபைல் இருந்தும் இதே எரர் வந்தா, அந்த லைப்ரரி மேல எல்டிடி (எந்த லைப்ரரிகள் தேவைனு காட்டுற கருவி) ஓட்டி "நாட் ஃபவுண்ட்" னு எந்த வரி வருதோ அந்த பேக்கேஜைச் சேருங்க. லிப்எக்ஸ்டிஎஸ்டி, லிப்எக்ஸ்ஐ ரெண்டும் அடிக்கடி விட்டுப்போறவை.