மறு: 'டாலரன்ஸ்': சகிப்பா, பொறுதியா, வேறு ஏதாவதா?

நண்பர்களே,

ஒரு பாகத்தின் அளவுக்கு வரைபடம் ஒப்புக்கொள்ளும் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள வித்தியாசமே பொறியியலில் 'டாலரன்ஸ்'. அதற்குப் பாடநூலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று இங்கே நடக்கும் விவாதத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'சகிப்பு' முடிவாகிவிடும்போல் தெரிகிறது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

> அகராதியில் சகிப்புத்தன்மை என்று இருக்கிறது. பொறியியல் வரைபடத்துக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

வரைபடம் எதையும் சகித்துக்கொள்வதில்லை, அதனால்தான். பிடிக்காத ஒன்றை வேறு வழியின்றிப் பொறுத்துப் போவது சகிப்பு. 25 மி.மீ. துளைக்குப் பக்கத்தில் எச்7 என்ற டாலரன்ஸ் குறியீடு இருந்தால், 25.000 முதல் 25.021 வரை எந்த அளவில் வந்தாலும் அது முழுக்கச் சரியான துளை. 25.019 என்பது மன்னித்து விடப்பட்ட 25.000 அல்ல. வடிவமைப்பவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒப்புக்கொண்ட அளவு. சிலர் சொல்லும் 'பிழையெல்லை'யும் இதே இடத்தில்தான் இடறுகிறது: எல்லைக்குள் இருப்பது பிழையே அல்ல.

'பொறுதி' காதுக்கு இனிமை, ஒரே சொல், ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அதுவும் பொறுமையின் வீட்டுப் பிள்ளைதான். இலத்தீனில் 'தாங்கு' என்ற வினையிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட உருவகம் இது. சீனமும் ஜப்பானியமும் அதைச் சுமக்கவில்லை. இரண்டே எழுத்தில் முடித்துவிட்டன: முதலாவது 'பொது', அடுத்தது 'வேறுபாடு'. உடல் ஒரு மருந்துக்குப் பழகிப்போவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே 'தாங்குதிறன்' இருந்துவிட்டுப் போகட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் என்று நமக்கு நாமே விலங்கு பூட்டிக்கொள்வானேன்?

சொல்லைத் தேடும் முன் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கலாம். அந்த 25 மி.மீ. துளையைச் சோதிப்பவர் கையில் இருபுறமும் முனையுள்ள உருளை அளவி ஒன்று இருக்கும். ஒரு முனை 25.000, மறுமுனை 25.021. முதல் முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டாவது வாயிலேயே நின்றுவிட வேண்டும். செல்லும் முனை, செல்லா முனை. அவர் எண் எதையும் படிப்பதில்லை, எழுதிக்கொள்வதும் இல்லை. ஏற்பு அல்லது தள்ளுபடி, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய சொல்லின் முதற்பாதி அந்த மேசையிலேயே கிடைக்கிறது: ஏற்பு.

இரண்டாம் பாதியில்தான் எனக்கும் தயக்கம் இருந்தது. முந்தைய மடலில் ஒருவர் முன்வைத்த 'ஏற்பிடை' முதலில் என்னையும் கவர்ந்தது. ஆனால் இதே துளைக்குள் ஜி6 என்று குறியீடு இட்ட தண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தண்டு 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். தண்டுக்கும் துளைக்கும் நடுவே உள்ள வெளி குறைந்தது 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), மிஞ்சிப்போனால் 41. துளையின் டாலரன்ஸ் 21 மைக்ரான், தண்டுடையது 13. நான்கும் வேறுவேறு எண்கள். 'இடை' என்று சொன்ன உடனே மாணவர் மனம் தண்டுக்கும் துளைக்கும் நடுவே உள்ள வெளிக்குத்தான் ஓடும். ஏற்கெனவே குழம்புகிற இடத்தில் நாமே பள்ளம் தோண்டக் கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: ஏற்புவீச்சு.

புள்ளியியலில் மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் கிடைப்பதை வீச்சு என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மேல் எல்லையில் கீழ் எல்லையைக் கழி. டாலரன்ஸின் இலக்கணமும் அதுவே. வரைபடத்தில் கூட்டல் கழித்தல் 0.1 என்று இருந்தால் டாலரன்ஸ் 0.1 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். நானும் ஒரு பாடக்குறிப்பில் எழுதி, பிறகு திருத்தியவன்தான். அது 0.2. 'ஏற்புவீச்சு' என்ற சொல் கழித்தலை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். இயற்பியலில் அலையின் உச்ச விலகலுக்கும் வீச்சு என்றுதான் பெயர். அந்தப் பொருளில் எடுத்தால் மேலே சொன்ன 0.1 சரியாகிவிடும், போங்கள்! முன்னால் 'ஏற்பு' இருப்பதால் அலையின் நினைவு வராது என்று நம்புகிறேன். நம்பாதவர்கள் இதைவிட நல்ல சொல்லோடு வரவும்.

கிளைகளையும் பார்த்துவிட்டேன். வடிவ ஏற்புவீச்சு, பொது ஏற்புவீச்சு, ஏற்புவீச்சுக் குவிவு. கடைசியானதற்கு உதாரணம்: 10 மி.மீ. தகடுகள் ஐந்து, ஒவ்வொன்றிலும் கூட்டல் கழித்தல் 0.1. அடுக்கினால் மொத்த உயரம் 49.5 முதல் 50.5 வரை எங்கும் நிற்கலாம். வீச்சுகள் குவிகின்றன என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்காருகிறது. சகிப்புகள் குவிகின்றன என்றால் குடும்பத் தகராறு போல இருக்கிறது.

வரையறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். "வரைபடம் முடிந்த பின் அளவுகளோடு சேர்க்கப்படும் குறிப்பு" என்று நம் பாடநூல் வரைவில் இருக்கிறது. அது தலைகீழ். தண்டு எந்த வேகத்தில் சுழலும், எண்ணெய்ப் படலத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே எண் பிறக்கிறது. வரைபடம் அதைப் பதிவு செய்கிறது. முன்மாதிரி செய்து சோதித்த பின் மாற்றவும் நேரும். தேவையில்லாமல் குறுக்கினால் கடைசலோடு முடிய வேண்டிய வேலை சாணை வரை போய்ச் செலவு ஏறும். எதுவுமே குறிக்காத அளவுகளுக்குத் தலைப்புக் கட்டத்தில் சொல்லியிருக்கும் பொது விதி பொருந்தும். பொது டாலரன்ஸ்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 2768 நடுத்தர வகுப்பு என்று அங்கே இருந்தால், அதே 25 மி.மீ.க்குக் கூட்டல் கழித்தல் 0.2.

பட்டறையில் டாலரன்ஸ் என்றே சொல்வார்கள், சொல்லட்டும். நாம் எழுதுவது பாடநூலுக்கு.

பாக்கி இருப்பது 'அலவன்ஸ்'. மேலே கண்ட அந்தக் குறைந்தபட்ச 7 மைக்ரான், வேண்டுமென்றே விட்டுவைப்பது. அகராதியைத் திறந்தால் 'படி' என்று கிடைக்கும்: பயணப்படி, அகவிலைப்படி. தண்டுக்கும் ஒரு படி கொடுத்து மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடாமல் யாராவது காப்பாற்றுங்கள். எனக்கு இதுவரை தோன்றியது 'விடுவெளி' மட்டும். ஆனால் தண்டு துளையைவிடப் பெரிதாக இருந்து அழுத்திச் செருகும் பொருத்தத்தில் வெளி என்பதே இருக்காது; அங்கே அச்சொல் நிற்காது.