சில்மரில்லியன்: ஏழு பேர் ஏறினோம், நாலு பேர் இறங்கினோம்

யோசனை என்னுடையது, அதனால் திட்டும் எனக்கே விழுந்தது. டோல்கீனின் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படித்து முடித்த சூட்டில், "அடுத்து அதே உலகத்துப் பழங்கதை, சில்மரில்லியன் போடுவோம்" என்று வாய்விட்டுவிட்டேன். திருச்சியில் ஞாயிறு சாயங்காலம் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் கூடிப் புத்தகம் பேசுகிற ஏழு பேர் நாங்கள். "பாரதம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று ஒருத்தர் தெம்பாக ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் அவரைக் காணோம்.

அவர் கணக்கில் ஓட்டை எங்கே என்று பிறகுதான் புரிந்தது. பாரதத்தை நாம் யாரும் முதல் பக்கத்திலிருந்து படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பாட்டி சொன்னது, கூத்தில் பார்த்தது, டிவியில் பார்த்தது என்று பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். கர்ணன் யார் என்று பின்னிணைப்பைப் புரட்ட வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு பெயருக்கும் புரட்ட வேண்டியிருக்கிறது.

நாவல் என்று நினைத்துத் திறந்தால் தலபுராணம் படிப்பதுபோல இருக்கிறது. டோல்கீன் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே எழுதி, அடித்து, திருப்பி எழுதி, முடிக்காமலே 1973-ல் போய்விட்டார். குவிந்து கிடந்த பிரதிகளிலிருந்து மகன் கிறிஸ்டோபர், அப்போது இளைஞராக இருந்த, பிறகு எழுத்தாளரான கை கேவ்ரியல் கேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1977-ல் ஒரு புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார். தையல் அங்கங்கே தெரியத்தான் செய்யும்.

முதல் பகுதி, பாட்டாலேயே உலகம் பிறக்கிற கதை. மெல்கோர் என்கிற தேவன் நடுவில் சுதி விலகி இழுக்கிற இடம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கண்டம் வந்தது எல்ஃப் இனத்து ராஜா ஃபின்வேயின் குடும்பத்தில். ஃபின்வேயின் பிள்ளைகளில் இருவர் ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின். பேரன்களில் ஃபிங்கோன், ஃபின்ரோட். ஒரே வீட்டில் இப்படிப் பெயர் வைத்தால் யார் யாரை வெட்டினார்கள் என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

காப்பாற்றியது ஒரு பழைய மாதக் காலண்டர். தாளைத் திருப்பிப் போட்டு, வம்சாவளியைத் தமிழில் எழுதினோம். சும்மா வசதிக்குத்தான் செய்தோம், ஆனால் அன்றைக்குத்தான் பெயர்கள் வாயில் உட்கார்ந்தன. புத்தகத்தின் பின்னால் உச்சரிப்புக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கில சி (C) எழுத்துக்கு எப்போதும் க ஒலிதான், செலெகோர்ம் இல்லை, கெலெகோர்ம். ர் எங்கே வந்தாலும் முழுங்கக்கூடாது. இரட்டித்து எழுதிய மெய்யை அழுத்தி நீட்ட வேண்டும், யவன்னா என்றால் ன் இரண்டும் கேட்க வேண்டும். ஆங்கிலேயருக்கு இதை விளக்க உதாரணமெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இது ஒன்றாம் வகுப்புப் பாடம். ஃபின்வே என்பதன் கடைசி எழுத்தில் டோல்கீன் வைத்த இரட்டைப் புள்ளிகூட நமக்குத் தேவைப்படவில்லை, வே என்று எழுதினால் வேதான்.

காலண்டர் தாள் நண்பர் வீட்டு ஹாலில் தொங்கியது. ஃபின்வேயின் மூத்த மகன் ஃபெயனோருக்குக் கீழே வரிசையாக ஏழு பெயர். காபி கொண்டுவந்த நண்பரின் அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏழும் பையனா? பாவம், அந்தப் பொம்பளை" என்றார். அந்த ஏழு பேரும் அப்பாவோடு சேர்ந்து சத்தியம் செய்து, சில்மரில் என்ற நகைக்காகச் சொந்த இனத்தையே வெட்டியதைச் சொன்னோம். "நகைன்னா அப்படித்தான்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினாலாம் அத்தியாயம் முழுக்கப் பூகோளம். எந்த ஆறு எங்கே ஓடுகிறது, எந்த மலைக்குத் தெற்கே யார் ஆட்சி என்பதுதான் மொத்தமும். அந்த வாரம் ஒருவருக்கு வீட்டில் விசேஷம், இன்னொருவருக்கு வண்டி பஞ்சர். அடுத்த வாரமும் அதே பஞ்சர்.

மிச்சமிருந்த நாலு பேர் ஒரு முடிவுக்கு வந்தோம்: வீட்டில் படித்துவிட்டு வந்து பேசுவது வேண்டாம், இங்கேயே ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிப்போம். தூரின் என்ற மனித வீரனின் கதை வந்த அன்று, எங்களில் அதிகம் பேசாத ஒரு பெண்ணின் முறை. ஓர்க் என்கிற அரக்கர்கள் கட்டிப்போட்டிருக்கும் தூரினை மீட்க இருட்டில் நண்பன் பெலெக் வருகிறான். கட்டை அறுக்கும்போது வாள் நழுவி தூரின் காலில் குத்துகிறது. விழித்தவன் எதிரி என்று நினைத்து அதே வாளைப் பிடுங்கி வெட்டிவிடுகிறான். மின்னல் வெட்டுகிறது, முகம் தெரிகிறது. அந்தப் பெண் "முகம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "நான் இதுக்கு மேல படிக்கல, நீங்க படிங்க" என்று புத்தகத்தைத் தள்ளினார்.

பிறகு சண்டை. தப்பு யார் மேல்? அந்த வாளை எடுக்கும்போதே ராணி மெலியன் எச்சரிக்கிறாள், அதை அடித்த கொல்லனின் கருத்த மனசு இன்னும் அதில் இருக்கிறது என்று. அதைக் கேட்டும் எடுத்தவன் பெலெக்தானே? கொசு விரட்டும் வரை பேசினோம்.

மறுமொழி

தனியாக இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் மூன்றாம் அத்தியாயத்தோடு மூடி வைத்தவன் நான். பிறகு தூரின் கதை மட்டும் விரிவாக, தனிப் புத்தகமாக 2007-ல் வந்த சில்ட்ரன் ஆஃப் ஹூரினை முதலில் படித்தேன். அதன்பின் சில்மரில்லியன் தானாக நகர்ந்தது. வரிசை தப்பு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

மறுமொழி

அந்தப் பதினாலாம் அத்தியாயத்தை நாங்கள் சாமர்த்தியமாகத் தாண்டினோம். இருபதில் பெரும்போர் வந்தது. யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், ஒளித்துவைத்த நகரமான கொந்தொலினின் படை வருவது ஏன் அதிசயம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பிப் போய் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, கலர் பென்சிலோடு உட்கார்ந்தோம். இரண்டு வாரம் வீண். தாண்டாதீர்கள்.

மறுமொழி

எங்கள் குழுவைப் புத்தகம் கெடுக்கவில்லை, ஒரு ரசிகர் கெடுத்தார். கிறிஸ்டோபர் 1983 முதல் 1996 வரை வெளியிட்ட, அப்பாவின் பிரதிகள் அடங்கிய பன்னிரண்டு தொகுதியும் படித்தவர். கதையில் வீரன் பெரேனின் கை போகும் முன்பே "கை போயிடும் பாருங்க" என்பார். தோரியத் என்ற எல்ஃப் ராஜ்யத்தின் அழிவு அத்தியாயத்தைத் தொடங்கும்போதே, "இதுல நிறைய இடம் அப்பா எழுதினதே இல்ல, பதிப்பிச்சவங்க கட்டினது" என்று ஆரம்பித்துவிட்டார். உண்மைதான், ஆனால் அழுது முடித்த பிறகு சொல்லியிருக்கலாம்.

முதலில் எழுதியவர்

கடைசி நண்பருக்கு அனுதாபங்கள். இங்கே ஏற்கெனவே படித்தவன் நான் ஒருவன்தான், எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். காலண்டர் தாளின் போட்டோ வேண்டும் என்பவர்களுக்கு: தாள் இப்போது உருப்படியாக இல்லை. வெள்ளையடிக்கும்போது பெயிண்டர் தரையில் விரித்துவிட்டார். ஃபினார்ஃபின் கிளை மட்டும் கொஞ்சம் படிக்கும்படி இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன்.