டீச்சருக்கு என்ன கொடுப்பது?

(பென்னாகரம் பக்கம், ஒரு தெருவின் வாட்ஸ்அப் குழு)

மளிகைக்கடை அண்ணன், காலை 7:12
அறிவியல் டீச்சர் ஊருக்குக் கிளம்புகிறார். 60 வயது ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, கல்வியாண்டு முடியும் வரை நீட்டிப்பில் இருந்தார். சனிக்கிழமை சர்ச் வளாகத்தில் பாராட்டு விழா. தெரு சார்பில் என்ன செய்யலாம்?

மாடி வீட்டு அக்கா, 7:20
ஒரு பவுன் மோதிரம்?

மளிகைக்கடை அண்ணன், 7:21
பவுன் விற்கிற விலைக்கா! அப்படியே வாங்கினாலும் டீச்சர் தொட மாட்டார்.

வேன் தம்பி, 7:34
எல்லோரும் பாராட்டுகிறீர்கள், சரி. தனிம வரிசை அட்டவணைக்காக அவரிடம் நான் வாங்கிய அடி யாருக்கும் ஞாபகம் இல்லையா 😄

நர்ஸ் பாப்பா, 7:50
உனக்கு அடி, எனக்குத் திண்ணை. பத்தாவது முடிந்ததும் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மூன்று நாள் சாயங்காலம் டீச்சர் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். வாதாடவே இல்லை. “பதினெட்டு ஆகட்டும் அண்ணா” என்று மட்டும் சொல்லுவார். மூன்றாம் நாள் அம்மா உள்ளே இருந்து காபி கொண்டுவந்தாள். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது.

மாடி வீட்டு அக்கா, 7:58
பரீட்சை அன்று சொல்வாரே, “நீ குலசாமியைக் கும்பிட்டு வா, நான் என் சாமிகிட்ட சொல்லுதேன்.” நாகர்கோவில் பேச்சு கடைசி வரை மாறவில்லை.

வேன் தம்பி, 8:05
நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன். பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில், பல் விளக்க மாட்டாயா என்று கேட்டார்கள். ஆனால் எட்டாவதிலேயே டீச்சர் போர்டில் எழுதிப் போட்டிருந்தார்: குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் வயதில் குடித்தால் கறை எனாமலுக்குள்ளேயே ஏறிவிடும், விளக்கினால் போகாது. “தப்பு போர்வெல் தண்ணியில மக்களே, ஒங்க மேல இல்ல” என்றார். பெங்களூரிலும் அதைத்தான் சொன்னேன்.

மளிகைக்கடை அண்ணன், 8:11
2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளைத் தெருவில் பார்த்தால் “காட்டு பல்லை” என்பார். என் மகன் இப்போதும் அவரைக் கண்டால் தானாகவே ஈ என்று காட்டுவான்.

நர்ஸ் பாப்பா, 8:30
📷 நம் பத்தாம் வகுப்பு போட்டோ. பெரிதாக்கிப் பாருங்கள். நாற்பது பேர், ஒருவர் வாயும் திறக்கவில்லை.

மாடி வீட்டு அக்கா, 8:33
டீச்சர் மட்டும் சிரிக்கிறார்.

நர்ஸ் பாப்பா, 8:36
சனிக்கிழமை அதே படிக்கட்டில் திரும்ப எடுப்போம். வந்து சேர முடிந்தவர்கள் எல்லோரும். பல் தெரிய.

மளிகைக்கடை அண்ணன், 8:40
சட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம். மோதிரம் வேண்டாம்.

மாடி வீட்டு அக்கா, 8:41
ஒரு கூடை மாம்பழமாவது?

வேன் தம்பி, 8:44
அது என் பொறுப்பு. தர்மபுரி ஸ்டேஷனுக்கு வேனும் நான்தான். அட்டவணையை இப்போதே படிக்க ஆரம்பிக்கிறேன், வழியில் கேட்டாலும் கேட்பார்.