நார்ட்ஷ்லைஃபேல (ஜெர்மனி நூர்பர்க்ரிங்கோட நீளமான பழைய டிராக்) வண்டி அடி தட்டுது, வால் வீசுது. செட்டப் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாலக்கோடு992
ஏசிசில (அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே, கார் ரேஸ் கேம்) போர்ஷே 992 ஜிடி3 ஆர் ஓட்டுறேன். ஸ்பா, மோன்சா டிராக்ல வண்டி நல்லாவே நிக்குது. நூர்பர்க்ரிங் 24 மணிநேர லேஅவுட்ல மட்டும் (நார்ட்ஷ்லைஃபேயும் ஜிபி டிராக்கும் சேந்தது, 25 கிலோமீட்டர் சொச்சம்) ஒரு லேப் உருப்படியா முடியல. ஃபுக்ஸ்ரோரே பள்ளத்துல அடி கர்ர்னு தேயுது, மேல ஏறி பிரேக் வெக்கறதுக்குள்ள வால் வீசிடுது. ஃப்ளுக்பிளாட்ஸ் மேட்டுல ஸ்டியரிங்ல ஒண்ணுமே தெரியல. ஸ்பா செட்டப்தான் போட்டிருக்கேன். ஸ்பிரிங்கை இளக்கிப் பாத்தா இன்னும் மோசம். "ஓட்டிப் பழகு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அதச் சொல்ல வீட்டுலயே ஆள் இருக்கு.

கிருஷ்ணகிரி_அலைன்மென்ட்
தம்பி, பைபாஸ்ல வீல் அலைன்மென்ட் பட்டறை வெச்சிருக்கேன், ஷட்டர் இறக்கினப்புறம் எனக்கும் இதே டிராக்தான்.

ஸ்பிரிங்கை இளக்கினா மோசமாத்தான் ஆகும். பள்ளத்துல வண்டி அமுங்கி பம்ப் ஸ்டாப்புல (சஸ்பென்ஷன் கடைசில முட்டி நிக்கற ரப்பர் கட்டை) உக்காந்துடுது. உக்காந்ததும் ஸ்பிரிங் வேலை முடிஞ்சுது, டயர் பிடி விட்டுடும். அதனால ஸ்பிரிங்கைப் பழையபடி வெச்சுட்டு ரைடு ஹைட்டை, அதாவது ரோட்டுலேந்து வண்டி அடி நிக்கற உயரத்தை ஏத்து. முன்னும் பின்னும் சேத்து ஏத்தணும். பின்னாடி மட்டும் ஏத்தினா மூக்கு தாழ்ந்து வால் இன்னும் லேசாகும். டெஸ்ட் பண்றப்ப ரேஸுக்கு ஊத்துற அளவு பெட்ரோல் ஊத்திக்கோ. காலி டேங்குல தட்டாத அடி, ரொம்பினா தட்டும்.

டேம்பர்ல, அதான் ஷாக் அப்சார்பர்ல, நிறைய பேர் குழப்பிக்கறாங்க. பள்ளத்துல அமுங்குறது மெதுவான அசைவு, அது ஸ்லோ பம்ப் கணக்கு. கெர்ப் (டிராக் ஓரத்து மேட்டுக் கல்) மேல சக்கரம் எகிறுறது ஃபாஸ்ட் பம்ப். இந்த டிராக்குக்கு ஃபாஸ்ட் பம்பைக் குறைச்சு வை.

தொப்பூர் இறக்கத்துல பிரேக் புடிக்கற லாரியப் பாத்திருப்பே, எடை பூரா முன்னாடி சாயும். இங்கயும் அதேதான், பிரேக் பயாஸை (முன், பின் சக்கரத்துக்கு பிரேக் பிரிக்கற பங்கு) முன்பக்கம் கொஞ்சம் தள்ளு.

ஃப்ளுக்பிளாட்ஸுக்கு செட்டப்புல மருந்து கிடையாது. இன்ஜின் பின்னாடி இருக்கற வண்டி, மேட்டுல மூக்கு லேசாத்தான் ஆகும். மேடு ஏறுறப்ப ஸ்டியரிங் நேரா இருக்கட்டும்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
அண்ணன் டயரை விட்டுட்டாரு. சூடான அழுத்தம் 26-லிருந்து 27 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும். ஆனா லைன் தாண்டுறப்ப பாக்காதீங்க ப்ரோ. அதுக்கு முன்னாடிதான் டாட்டிங்கர் ஹோஹே, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நேர் ரோடு, டயர் ஆறி குறைவாக் காட்டும். லேப் நடுவுல கரூசெல் வளைவு பக்கம் வர்றப்ப பாருங்க. ஒரு லேப்புக்கே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், தடவைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, இல்லன்னா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

பாலக்கோடு992
ஏத்திட்டேன்ணா. பள்ளத்துல சத்தம் நின்னுடுச்சு, வாலும் அடங்கிருச்சு. ஆனா ஜிபி டிராக் பகுதில இப்ப மூக்கு திரும்ப மாட்டேங்குது.

கிருஷ்ணகிரி_அலைன்மென்ட்
அது அப்படித்தான் இருக்கும். அஞ்சு கிலோமீட்டருக்காக மிச்ச இருபதைக் கெடுத்துக்காத. முன் ஆன்டி ரோல் பாரை (வளைவுல வண்டி சாயாம புடிக்கற கம்பி) ஒரு கிளிக் இளக்கிப் பாரு. உயரத்தை மட்டும் மறுபடி இறக்காத.