ஐடிஐ வாத்தியார்களை யார் கண்டுகொள்கிறார்கள்? பார்த்ததைச் சொல்லுங்கள்

எலக்ட்ரீசியன் டிரேடு ஜேடிஓ (இளநிலைப் பயிற்சி அலுவலர்), தென் மாவட்டம்

எங்கள் ஐடிஐயில் வெல்டர் டிரேடு எடுக்கும் சார் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. வெல்டிங் சொல்லித்தருகிறவர்களுக்குத் தெரியும், முதல் மாதம் முழுக்க ராடுக்குத்தான் (உருக்கி ஒட்டுகிற வெல்டிங் கம்பி) கேடு. பையன் ஆர்க் (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே பாயும் மின்பொறி) அடிக்கப் பார்ப்பான், ராடு பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும், வெடுக்கென்று இழுப்பான், ராடு மேல் பூசிய ஃபிளக்ஸ் உதிர்ந்துவிடும். 6013 நம்பர் ராடு பாக்கெட் பாக்கெட்டாகக் காலியாகும். சாமான் கேட்டு எழுதும் அடுத்த இன்டென்ட் பாஸாகி வரும்வரை பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

இவர் என்ன செய்தார் என்றால், கடைகளில் பில் அடிக்கிற தெர்மல் பேப்பர் ரோல் வாங்கிவந்து பெஞ்சில் நீளமாக ஒட்டி, பழைய ஹோல்டரில் ராடுக்குப் பதிலாக ஊதுபத்தியைச் செருகிப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். கனலும் நுனியைப் பேப்பரில் படாமல் ஒட்டினாற்போலக் கொண்டுபோனால் சூட்டுக்குக் கறுப்புக் கோடு விழும். கொஞ்சம் தூக்கினால் கோடு வெளுக்கும், இடித்தால் ஓட்டை. கை நின்று நின்று போனால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் இளைக்கும். ஆர்க் நீளமும் கை வேகமும், கரண்டே இல்லாமல், கண்ணுக்கு முன்னால். ஒவ்வொருவனும் தன் ரோல் நம்பர் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும், போன வாரக் கோட்டுக்குக் கீழேயே. சார் வாயைத் திறந்து திட்டவே வேண்டியதில்லை.

இவருக்காக ஒரு விருது விண்ணப்பத்தை நான்தான் உட்கார்ந்து நிரப்பினேன். ஆய்வுக் கட்டுரைக்கு இடம் இருக்கிறது, காப்புரிமைக்கு இருக்கிறது, பயிலரங்கச் சான்றிதழுக்கு அரைப் பக்கம் இருக்கிறது. ஊதுபத்திக்கு இடம் இல்லை! 'இதர' என்ற கட்டத்தில் நாலு வரி எழுதினேன். ஆதாரச் சான்று இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. இதற்கு யாரிடம் போய்ச் சான்று வாங்குவது? அவரோ "விடுங்க சார், பேப்பர் ரோலுக்குக் காசு சாங்ஷன் ஆனா போதும்" என்கிறார். அதுவும் ஆகவில்லை, இன்றுவரை சொந்தக் காசுதான்.

உங்கள் பக்கம் எப்படி?

சூயிங் டெக்னாலஜி (தையல்), தனியார் ஐடிஐ

உங்கள் சாருக்கு விண்ணப்பமாவது போனதே. புதுப் பிள்ளைகளுக்குத் தையல் ஓரம் நேராக வராது என்று பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, ஊசித் தட்டில் அளவு பார்த்து வைத்துக்கொடுத்தேன். துணி அதில் உரசிக்கொண்டே போகும், கோடு கோணாது. (கடையில் இதே சமாச்சாரம் விற்கிறார்கள், தெரியும். ஒவ்வொரு மெஷினுக்கும் வாங்கிப்போட நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது.) அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸில் அந்தக் காந்தம் படமாக வந்தது, பக்கத்தில் தாளாளர் படம். என் பேர் இல்லை. ஆண்டு விழாவில் பொன்னாடை போட்டார்கள். நான் கேட்டிருந்தது இன்க்ரிமென்ட்.

பயிற்சி அலுவலர், பணி ஓய்வு

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகம் கௌஷலாச்சார்யா என்று பயிற்றுநர்களுக்குத் தனி விருது கொண்டுவந்தது. 2023 முதல் செப்டம்பர் 5 தேசிய நல்லாசிரியர் விருதிலேயே நம் ஆட்களையும் சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் வாங்கிய 75 பேரில் 12 பேர் அந்த அமைச்சகத்தின் வழியாக வந்தவர்கள். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். பள்ளிக்கூட வாத்தியாரோடு ஒரே மேடையில் ஐடிஐ வாத்தியாரும் நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாடு முழுக்கச் சேர்த்துப் பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் வெல்டர் சார் வரைக்கும் எப்போது வந்துசேரும்? அந்தந்த ஐடிஐ முதல்வர் மட்டத்திலேயே ஏதாவது செய்தால்தான் உண்டு. நான் இருந்த இடத்தில் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு டிரேடுக்காரர் தான் புதிதாகச் செய்ததைப் பத்து நிமிஷம் செய்து காட்டவேண்டும், மற்ற டிரேடுக்காரர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பைசா செலவில்லை. புது முதல்வர் வந்தார், கூட்டம் சுற்றறிக்கை வாசிப்பதாக மாறிப்போச்சு.

ஃபிட்டர், ஓரகடம்

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 4.0 தொழில்நுட்ப மையமாக மாற்ற 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்களே, ரோபோ, கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் எல்லாம் வந்ததே, அதில் பேப்பர் ரோலுக்கு நூறு ரூபாய் ஒதுக்க முடியாதா? மெஷின் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கிறோம், அதை ஓட்டச் சொல்லித்தருகிறவர் பேர் பையன்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எங்கள் கம்பெனியிலும் ஒரு தடவை கேம்பஸ் இன்டர்வியூவில் ஆள் எடுத்த ஐடிஐக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்த ஐடிஐ முதல்வர் வந்து வாங்கிக்கொண்டு போனார். சொல்லிக்கொடுத்த எங்கள் சார் அன்றைக்கும் ஒர்க்ஷாப்பில் அரம் போடும் பைலிங் வகுப்புதான் எடுத்துக்கொண்டிருந்தார், யாரும் கூப்பிடவில்லை.

வெல்டர் டிரேடு, டெல்டா பக்கம்

விருதுக் கதை இருக்கட்டும். ஊதுபத்தி மெல்லிசா தடியா? இங்கே கோடு சரியாக விழவில்லை.

எலக்ட்ரீசியன் டிரேடு ஜேடிஓ

சாரிடமே கேட்டுவிட்டேன். தடியானது எடுக்கவும், சாம்பலை அடிக்கடி தட்டிவிடவும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யச் சொன்னார், காற்றுக்குச் சூடு சிதறிவிடுமாம். பில் ரோலில் எந்தப் பக்கம் நகத்தால் கீறினால் கறுக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும். உங்கள் பையன்கள் போட்ட கோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்.